விடை பெறாத மடல்கள்

மலைக்கணவாய் வழியே வழிந்து வந்த ஈரக்காற்று தென்னந்தோப்புகளை உலுக்கி, பொள்ளாச்சிச் சாலையில் விரையும் ஊர்திகளின் இரைச்சலை விழுங்கி, கிணத்துக்கடவுக் குன்றின்மேல் கருமுகிலைக் கவிழ்த்து வைத்த அந்திப்பொழுது அது, அன்புடையீர். அவ்வேளையில் பொற்கொடியின் வீட்டு முற்றத்தில் வந்து நின்றான் சாய்கிருஷ்ணா. அயல்நாட்டில் நம் தூதனாய் அமர்ந்து, ஒரு சொல்லை உரைக்குமுன் பன்முறை நாவில் புரட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன். ஆயினும் யானைக்கும் அடி சறுக்குமன்றோ!

பொற்கொடியின் கணவன் கதிரேசன் கடற்படை அலுவலன். தூதனின் பள்ளித் தோழன். போர் மூண்டது முதல், மனைவியிடம் மறைத்த அச்சங்களையெல்லாம் மின்மடல்களில் தோழனிடம் கொட்டிவந்தான். பின்னர் அவன் கப்பல் மூழ்கிற்று. உடல் கிடைக்கவில்லை. நீர்க்கடன் செய்ய மனமின்றியும், காத்திருக்க வலுவின்றியும் பொற்கொடி தவித்தாள். தோழனுக்கு வந்த மடல்களோ நிற்கவில்லை.

அவற்றைக் காட்டவே வந்திருந்தான் சாய்கிருஷ்ணா. கதிரேசன் எங்கோ சிறைப்பட்டு உயிரோடிருக்கிறான் என்பது அவன் துணிபு. ஒரு மடலில், விளக்கில்லை என்றிருந்தது. மற்றொன்றில், கீழே குளிர்கிறது என்றிருந்தது. எல்லாவற்றின் முடிவிலும் "வாரேன்டா" என்றிருந்தது. தோழனும் நெஞ்சுருகி, "வாடா, காத்திருக்கிறேன்" என்றே மறுமொழி விடுத்திருந்தான். இறுதியாய் வந்தது இது: "நீ கூப்புடறது கேக்குது. திரும்பித் திரும்பிப் பாக்கறேன். வாரேன்டா."

கைப்பேசியை நெடுநேரம் நோக்கியிருந்த பொற்கொடியின் முகம் வெளிறிற்று.

"ஏனுங்கண்ணா, நம்மூர்ல ஊட்டை உட்டுப் பொறப்படறவங்க என்னன்னு சொல்லுவாங்க?"

போகிறேன் என்று சொல்ல அஞ்சி, வாரேன் என்று சொல்லியே படியிறங்குவது இம்மண்ணின் வழக்கம். பல்லாண்டு பிறமொழிகளில் உழன்ற தூதன் அதனை மறந்துபோயிருந்தான்.

"அவரு வரலீங்கண்ணா. சொல்லிக்கிட்டுப் போக நிக்கறாரு. நீங்க கூப்புட்டுக் கூப்புட்டுப் போக உடாம வெச்சிருக்கீங்க."

ஒருகால் உயிரோடிருந்தால் என்று அவன் கெஞ்சினான். அந்த ஒற்றை நூலைத்தானே அவளும் இத்தனை நாள் பற்றியிருந்தாள்! அப்போது கடல் காணாத அவ்வூரில் உப்புநீர் வாடை எழுந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. எனினும் முற்றத்துக் காய்ந்த தரையில், ஒருவர் நிற்குமளவு ஈரம் ஊறிப் படர்ந்தது. கைப்பேசி ஒளிர்ந்தது. "வாரேன்" என்ற ஒரு சொல்லே அதிலிருந்தது.

பொற்கொடி அந்த ஈரத்தின் எதிரே போய் நின்றாள்.

"செரிங்க," என்றாள். "பாத்துப் போயிட்டு வாங்க."

ஈரம் மெல்ல உலர்ந்தது. அதன்பின் மடல் எதுவும் வரவில்லை. அழைக்கத் தெரிந்த அன்பு உலகில் ஏராளம். வழிவிடத் தெரிந்த அன்பு மிக அரிது. கப்பல் மூழ்கிய நாளில் பொற்கொடி கணவனை இழக்கவில்லை, அன்புடையீர். அந்த அந்தியில், தன் வாயாலேயே இழந்தாள்.