லோஜினியின் பதினோராவது கடிதம்

1

இந்தக் கதை நானாக எழுத வந்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. எங்கள் தேயிலைத் தோட்டச் சங்கத்தின் மின்னஞ்சல் சேர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றியதைப் பற்றி ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்றார் செயலாளர் நல்லமுத்து அண்ணன். என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. சங்க அலுவலகத்துக்கு நேர் எதிர் வீடு என்னுடையது. தையல் மெசினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். அங்கே யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள், எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்பதெல்லாம் வேண்டாம் என்றாலும் கண்ணில் படும். (வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.) போதாததற்கு, சிறுகதைப் போட்டி ஒன்றில் மூன்றாம் பரிசும் வாங்கியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "டிக்கோயாவின் பனி மூடிய மலைகளுக்கு நடுவே..."

வேண்டாம். பனி மூடியிருந்தால் எனக்கு எதிர் அலுவலகம் எப்படித் தெரியும்?

இரண்டாவது: "தகவல் தொழில்நுட்பத்தின் துரித வளர்ச்சியில் எமது சங்கமும் தன் பங்குக்கு..."

இது நல்லமுத்து அண்ணனுக்குப் பிடிக்கும். அதனாலேயே வேண்டாம்.

மூன்றாவது: "வடிவு அந்தக் கடிதத்தை ஒளித்து வைத்தாளா, இல்லையா?"

ஆம், இதுதான். ஊரே கேட்கும் கேள்வி. பதினான்கு வருசமாக அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சண்முகவடிவை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொதுக்கூட்டம் முடிவு எடுக்கப்போகிறது. இன்று வெள்ளி. கதைக்கு இரண்டு நாள் இருக்கிறது.

2

சேர்வர் என்பது வேறொன்றுமில்லை, வடிவின் மேசைக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டிதான். எங்கோ வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கொடுத்துவிட்டுப் போனது. இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் அதன் முதுகில் வடிவு ஈரக் காலுறைகளைக் காயப் போடுவாள். சங்கத்துக்கு வரும் மின்னஞ்சல் எல்லாம் அதற்குள்தான் வந்து விழும்.

[இங்கே ஒரு குறிப்பு. எங்கள் லயங்களுக்கு, அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, தெருப் பெயர் கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஊறிய சனத்துக்கு விண்ணப்பப் படிவத்தில் "மின்னஞ்சல் முகவரி" என்று ஒரு கட்டம் வந்தபோது என்ன செய்யத் தோன்றியிருக்கும்? சங்கத்தின் முகவரியை எழுதினார்கள். ஒருவர் இருவர் இல்லை, இருநூற்று நாற்பது பேர். பாஸ்போர்ட்டுக்கு, படிப்புக்கு, மத்திய கிழக்கு வேலைக்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே முகவரி.]

வடிவு தினமும் பெட்டியைத் திறப்பாள். வாசிக்காத கடிதம் தடித்த கறுப்பு எழுத்தில் இருக்கும், திறந்து பார்த்தது மெலிந்துவிடும். அவள் கறுப்பாக இருப்பதை மட்டும் அச்செடுத்து, மடித்து, பெயர் எழுதி, வாசலில் நின்று கூப்பிட்டுக் கொடுப்பாள். அலுவலகப் பெண்ணை இந்தக் கதையில் கொஞ்சம் சிடுமூஞ்சியாகக் காட்டினால் பின்னால் உதவும் என்று நினைத்து எழுதிப் பார்த்தேன்: "வடிவு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல்..."

முடியவில்லை. அவள் நிமிர்ந்து பார்ப்பாள். சிரிப்பாள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவாள்.

போன வருசத்திலிருந்து பெட்டிக்கு வயதாகிவிட்டது. அதன் பதிப்புக்குப் பாதுகாப்பு ஒட்டுப்போடுவதை அதைச் செய்தவர்களே நிறுத்திவிட்டார்களாம். நாம் அனுப்பும் கடிதங்களைப் பெரிய இடங்களில் குப்பைக்குத் தள்ளினார்கள், சில இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அப்போதுதான் நிரஞ்சன் வந்தான். வட்டவளைப் பையன், கொழும்பில் இதே வேலை. பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்தவன், சம்பளம் வேண்டாம், மாற்றித் தருகிறேன் என்றான்.

3

இந்தப் பகுதியை எழுத எனக்குக் கை பரபரக்கிறது.

போன திங்கள், போயா. கொழுந்தெடுப்பு இல்லை, கோயில் கூட்டம் மாதிரி சனம். ஆளுக்கொரு சொந்த முகவரி தரப்போகிறார்கள் என்று செய்தி பரவியிருந்தது. (யார் பரப்பியது என்று கேட்காதீர்கள்.) பழையதிலிருந்து நேரே புதியதற்குத் தாவ முடியாது, நடுவில் ஒரு பதிப்பில் இறங்கித்தான் போக வேண்டும் என்று நிரஞ்சன் விளக்கியபோது, "அட்டனில இறங்கி பஸ் மாறுற மாதிரி" என்று பேச்சியம்மா எல்லோருக்கும் புரிய வைத்தாள். அவன் இரண்டு நாளாக அந்த நடுப்பதிப்பில்தான் இருந்தான். திங்கள் மதியம் பழைய பெட்டியின் உறுமல் நின்றது. பதினான்கு வருசத்தில் முதல் தடவையாக அந்த அறையில் சத்தமில்லை. யாரோ கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

புதியதில் ஒருவருக்கு ஒரு பெட்டி, அவரவர் போனுக்கு வரும் இலக்கத்தைப் போட்டால்தான் திறக்கும். நிரஞ்சன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பழைய பொதுப்பெட்டியின் பிரதியில் அவர்கள் பெயரைத் தேடி, வந்த கடிதங்களை அவர்களுடைய புதிய பெட்டிக்கு நகர்த்தினான். பேச்சியம்மா தன் பெயரை இங்கிலீசில் திரையில் பார்த்துவிட்டு, "இம்புட்டு நீளமா நான்?" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் லோஜினி வந்து உட்கார்ந்தாள். கொழுந்தெடுக்கும் அம்மாக்கண்ணுவின் மகள். உயர்தரப் பரீட்சை எழுதி இரண்டு வருசம், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் தற்காலிக வேலை.

"பதினொன்னு இருக்கு, தங்கச்சி" என்றான் நிரஞ்சன்.

"பத்துதான் அண்ணே வந்திச்சி."

பதினோராவதைத் திறந்தான். கொழும்பில் ஒரு கல்லூரி. ஆய்வுகூடத் தொழில்நுட்பப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, தங்குமிடமும் உண்டு. ஏற்றுக்கொள்வதாக, விண்ணப்பித்த அதே முகவரியிலிருந்து பதில் வர வேண்டும். கடைசி நேரம் இன்று மாலை நான்கு மணி. கடிதம் வந்து பதினெட்டு நாள்.

கல்லூரிக்குப் போன் எடுத்தோம். போயா நாளில் யார் எடுப்பார்? பழைய பெட்டியை மறுபடி போடலாமே என்றார் நல்லமுத்து அண்ணன். அதிலிருந்து போனால் கல்லூரி வாசலிலேயே திரும்பி வந்துவிடும், அதற்காகத்தானே மாற்றுகிறோம் என்றான் நிரஞ்சன். புதியதில் சங்கத்து முகவரி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. திரையில் ஒரு பச்சைக் கோடு, தொண்ணூற்றொரு வீதம். மூன்று பத்து, தொண்ணூற்று மூன்று. மூன்று இருபத்தைந்துக்கும் அதே தொண்ணூற்று மூன்று. நிரஞ்சன் ஏதோ பழைய பெரிய கோப்புகளைப் பின்னால் ஒதுக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டான். மூன்று நாற்பது, நூறு. லோஜினி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள், இரண்டு வரி எழுத ஏழு நிமிசம். மூன்று நாற்பத்தேழுக்குப் புதிய சேர்வரிலிருந்து வெளியே போன முதல் கடிதம் அவளுடையது.

அதன்பின் எழுந்த சத்தம் டிக்கோயா ஆஸ்பத்திரி வரை கேட்டிருக்கும். (மறுநாள் காலை கல்லூரியிலிருந்து பதிலும் வந்துவிட்டது: இடம் உறுதி. லோஜினி போகிறாள். அவளைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டாம்.)

சத்தம் அடங்கிய பிறகுதான் நிரஞ்சன் சாதாரணமாக அதைச் சொன்னான். பதினோராவது கடிதம் தடித்த எழுத்தில் இல்லை. யாரோ அதை முன்பே திறந்திருக்கிறார்கள். கடவுச்சொல் யாரிடம் இருந்தது?

வடிவிடம் மட்டும்.

"நான் கறுப்பா இருக்கிறதைத்தான் பிரின்ட் எடுப்பேன் தம்பி" என்றாள் அவள். "இதை நான் கறுப்பா பார்க்கவே இல்லை."

அம்மாக்கண்ணு சத்தம் போடவில்லை. வடிவின் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் வடிவு?"

4

ஏன்? கதைக்குக் காரணம் வேண்டும். ஒளித்து வைத்தவளுக்கு ஒரு நோக்கம் இல்லாவிட்டால் வாசகர் ஏற்றுக்கொள்ள மாட்டார். ஆகவே செவ்வாய் காலை ஒன்றைக் கற்பனை செய்தேன்: வடிவின் அக்கா மகனுக்கு லோஜினியைக் கேட்டிருக்கிறார்கள், அம்மாக்கண்ணு மறுத்திருக்கிறாள், அந்தக் கோபம். நல்ல முடிச்சு. துணி வாங்க வந்த ஒருத்தியிடம், கதைக்குப் பொருந்துமா என்று கேட்க, சும்மா சொல்லிப் பார்த்தேன்.

அன்று மாலை நூல்கண்டு வாங்க நூர்தீன் நானா கடைக்குப் போனேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே, "விசயம் தெரியுமா தங்கச்சி? வடிவு ஏன் அப்பிடிச் செஞ்சிச்சின்டு?" என்று ஆரம்பித்தார். என் கற்பனையையே எனக்குச் சொன்னார். நான் வைக்காத ஒரு சண்டைக் காட்சியும் அதில் சேர்ந்திருந்தது.

வடிவுக்கு அக்காவே கிடையாது.

5

இனி வரும் பகுதி மலரில் வராது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். அப்போதுதான் எழுத முடிகிறது.

அந்தப் போயாவுக்குப் பதினெட்டு நாள் முன், வியாழன், காலை பத்து மணி கடந்து சில நிமிடங்கள். ஒருத்தி சங்க அலுவலகத்துக்குச் சும்மா போனாள். "இருங்கக்கா, பிளேன்டி ஊத்திக்கிட்டு வாறேன்" என்று வடிவு பின்பக்கம் போனாள். அவள் நாற்காலி சூடாக இருந்தது. பெட்டி திறந்தே இருந்தது. திரையில் லோஜினியின் பெயரோடு ஒரு வரி, கறுகறுவென்று. அந்த ஒருத்தி

நான். நான்தான் அதைத் திறந்தேன்.

என் இங்கிலீசுக்கு "வாழ்த்துகள்" புரிந்தது, "இடம்" புரிந்தது. நான்கு மணிக் கதையெல்லாம் கீழே இருந்தது. கீழே போவதற்குள் கேத்தல் கொதிக்கும் சத்தம் நின்றுவிட்டது. மூடிவிட்டு எழும்பி, பால் விடாத அந்தப் பிளேன்டியைக் குடித்து, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

சாயங்காலத்துக்குள் பேச்சியம்மாவுக்குத் தெரியும். நூர்தீன் நானாவுக்குத் தெரியும். அடுத்த நாள் மூன்று லயத்துக்கும் தெரியும். ஒவ்வொருவரிடமும், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். அம்மாக்கண்ணு வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. சம்பந்தப்பட்டவர்களிடம் போய்ச் சொன்னால் அது வெறும் தகவல், அதில் என்ன ருசி? தவிர, அவர்களுக்குக் கடிதம் போயிருக்கும் என்று நினைத்தேன். நல்ல காரியத்தை எங்கள் பக்கத்தில் யாரும் வெளியே சொல்வதில்லை, கண்பட்டுவிடும். பஸ் ஏறிய பிறகுதான் சொல்வார்கள். இடையில் ஒரு நாள் லோஜினியைக் குறுக்குப் பாதையில் கண்டு, ஏதும் வந்திச்சா என்று கேட்டேன். "இன்னும் ஒண்ணும் வரலக்கா" என்றாள். என்ன நடிப்பு என்று வியந்து, அதையும் நாலு பேரிடம் சொன்னேன்.

அவள் நடிக்கவில்லை.

போயா அன்று கூடத்தில் எண்பது பேராவது இருந்திருப்பார்கள். அதில் முப்பது பேருக்கு இந்தச் செய்தி முன்பே தெரியும். கடிதம் திறந்தபோது எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். தெரியும் என்று ஒருவர் சொன்னாலும் அடுத்த கேள்வி "யார் சொன்னது?" ஆகவே யாரும் சொல்லவில்லை. எல்லோரும் வடிவைப் பார்த்தார்கள்.

6

முடிவுகள்.

முதலாவது: பழைய பெட்டியின் மேல் பழியைப் போடுவது. பழைய பதிப்பு, எழுத்து தானாக மெலிந்துவிட்டது என்று நிரஞ்சன் ஒரு வரி எழுதிக்கொடுத்தால் தீர்ந்தது. பெட்டி எழும்பி வந்து மறுக்கப்போவதில்லை. நேற்று அவனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அது பழசுதான் அக்கா, பொய் சொல்லாது" என்றான். பிறகு, "ஏன் அக்கா கேக்குறீங்க?" என்றான். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

இரண்டாவது: வடிவே சாவியைக் கொடுத்துவிட்டு விலகுகிறாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இந்த முடிவைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், அரைப் பக்கம் போயிருந்தது. கதவு தட்டப்பட்டது. வடிவு.

உட்காரவில்லை. கேட்க வந்ததைக் கேட்டாள்.

"அக்கா, நீங்க எதிர்லயே இருக்கீங்க. நான் இல்லாத நேரம் என் நாற்காலியில யாரும் உக்கார்ந்ததைப் பார்த்தீங்களா?"

"பார்க்கலையே வடிவு."

அவள் என் மெசினைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் தன் மேசை முழுசாகத் தெரிவதைப் பார்த்தாள்.

"நீங்களா பார்க்கல?" என்றாள். கோபமில்லை. போய்விட்டாள்.

அந்த அரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

7

புதிய சேர்வரில் ஒரு வசதி இருக்கிறது. ஒரே ஒரு முகவரிக்கு அனுப்பினால் இருநூற்று நாற்பது பேருக்கும் போய்விடும். நிரஞ்சன்தான் காட்டிக்கொடுத்தான். நல்லமுத்து அண்ணன் மலரில் போடுகிறாரோ இல்லையோ, இதை நான் அந்த முகவரிக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால், நான் அழுத்திவிட்டேன். அம்மாக்கண்ணுவுக்கும் லோஜினிக்கும் வடிவுக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரு செய்தி சொல்வது எனக்கு இதுதான் முதல் தடவை.

மூன்றாவது முடிவை நான் எழுத மாட்டேன். எழுதவும் முடியாது. ஞாயிறு பத்து மணிக்கு வடிவு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். யாருக்காவது சொல்ல ஏதும் இருக்கிறதா என்று நல்லமுத்து அண்ணன் கேட்பார். நான் எழும்புவேன். என்னிடம் கேட்டவர்கள், கேட்டவர்களிடம் கேட்டவர்கள் என்று முப்பது பேர் அந்தக் கூடத்தில் இருப்பீர்கள். அம்மாக்கண்ணு திரும்பிப் பார்க்கும்போது எத்தனை பேர் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது நீங்கள் எழுத வேண்டிய முடிவு.