ஏழு வாரம் உட்கார்ந்திருந்த இடம்

நான் கணிதம் படிக்கச் சேர்ந்தவன். ஆனால் ஏழு வாரம் மருத்துவ வகுப்பில் உட்கார்ந்து, மனித உடம்பின் இருநூற்றாறு எலும்புகளையும் லத்தீனில் தலைகீழாக ஒப்பிக்கக் கற்றேன். காரணம், எழுந்து வெளியே போக வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். பின்லாந்து முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் இப்படி இன்னொரு முட்டாள் கிடைக்கமாட்டான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். எங்கள் குடியிருப்பின் நீராவிக் குளியல் அறையில், சனிக்கிழமை சவ்னாவில், இதை எடுத்துவிட்டால் கிழவர்கள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்கள். மேல் பலகையில் இருக்கும் இல்மோ மட்டும் சிரிக்கமாட்டான். ஓய்வு பெற்ற டாக்டர். அந்த வகுப்பில் எனக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தவன்.

“கதை விடாதடா ரெய்யோ. ஒரு நாள் வழி தவறி வந்திருப்ப. ஏழு வாரமாம். பக்கத்துல இருந்த எனக்குத் தெரியாம?”

போன சனிக்கிழமையும் அதையேதான் சொன்னான். ஆனால் அன்று புதிதாகக் குடிவந்த உர்ஹோ இருந்தார். நாற்பது வருடம் தபால்காரராக இருந்தவர். எதையும் பாதியில் விடமாட்டார். “முழுசா சொல்லுங்க” என்றார்.

1966 செப்டம்பர். வடக்கே காட்டுக்குள்ளிருந்து பதினான்கு மணி நேரம் ரயிலில் வந்திருந்தேன். எங்கள் ஊரின் மொத்த ஜனத்தொகையும் அந்த மருத்துவ வகுப்பு அரங்கின் முதல் இரண்டு வரிசையில் அடங்கிவிடும். இரண்டாம் மாடி மூன்றாம் அரங்கம் என்று தாளில் இருந்ததை மூன்றாம் மாடி இரண்டாம் அரங்கம் என்று பதற்றத்தில் படித்து, நீளப் பெஞ்சின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தேன். பேராசிரியர் கறுப்புத் துணியை விலக்கி ஒரு எலும்புக்கூட்டைக் காட்டியதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெளியே போக வேண்டுமென்றால் பதினோரு பேரை எழுப்ப வேண்டும். இருபத்திரண்டு முழங்கால்கள் எனக்காக ஒதுங்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெஞ்சோடு சேர்ந்து எரிந்துபோவது சுலபம்.

அப்போது வருகைத் தாள் வந்தது. அச்சடித்த பெயர்களுக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும். என் பெயர் எப்படி இருக்கும்? பென்சில் வியர்த்தது. இல்மோ கையை நீட்டிக் காத்திருந்தான். அதுவரை விழுந்திருந்த கையெழுத்துகளுக்கு நடுவே ஒரு பெயருக்கு எதிரே மட்டும் காலியாக இருந்தது. யொர்மா ஹக்கலா. போட்டேன். தாளை வாங்கிக்கொண்ட இல்மோ என்னைப் பார்த்துத் தலையசைத்தான். அந்த நகரத்தில் என்னைப் பார்த்து அசைந்த முதல் தலை அது. அந்தக் காலத்தில் இரண்டு தலையசைப்பு கிடைத்தால் கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிடலாம்.

அடுத்த வகுப்பு நாளில் கணித அரங்கின் கதவு வரை போனேன். பாடம் தொடங்கியிருந்தது. கதவைத் திறந்தால் அறுபது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கைப்பிடியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது, மாடி ஏறிவிட்டேன். அங்கே என் இடம் காலியாக இருந்தது. அதற்கப்புறம் எல்லாம் தானாக நடந்தது. திங்கள், புதன், வெள்ளி, கையெழுத்து. அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் சமன்பாடுகளைப் பற்றி எழுதினேன். மூன்றாம் வாரத்தோடு கணிதத் துறை என் பெயரை அடித்துவிட்டது. நான் தொடை எலும்பின் தலைப்பகுதியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். கிழவர்கள் சிரிப்பார்கள், யாராவது ஆவி கிளம்ப அடுப்புக் கல்லில் தண்ணீர் ஊற்றுவார்கள்.

உர்ஹோ கேட்டார்: “அது சரி. அந்த யொர்மா என்ன ஆனான்?”

சொன்னேன். ஏழாம் வாரம், பாடத்தின் நடுவில், தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருவர் அரங்கத்துக்குள் வந்தார். கோட்டில் மாட்டுத் தொழுவ வாசம். ஒன்றரை மாதமாக மகனிடமிருந்து கடிதம் இல்லை என்றார். பேராசிரியர் தாள்களைப் புரட்டினார். “ஒரு நாள்கூடத் தவறாம வந்திருக்காரே. ஹக்கலா, எழுந்து நில்லுங்க.”

எழுந்தேன். இருபத்திரண்டு முழங்கால்களும் ஒதுங்கின. அந்த மனிதர் என்னை வெகுநேரம் பார்த்தார், எங்கேயாவது ஒரு மூலையில் நான் அவர் மகனாக இருந்துவிடமாட்டேனா என்பதுபோல.

“இவன் என் பையன் இல்லீங்க” என்றார். கோபமே இல்லை.

யொர்மாவுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த அம்மாள் நான்காம் வாரமே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். பையன் கல்லூரிக்கே போவதில்லை, நாளெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், யாராவது வந்து பேசுங்கள் என்று. அலுவலகத்தில் தாளைப் பார்த்தார்கள். எல்லா வகுப்புக்கும் வந்திருக்கிறார், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவனும் முதல் நாள் அரங்கக் கதவு வரை வந்து திரும்பியவன்தானாம். ஐந்தாம் வாரத்தில் ஒரு காலை, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறான். ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்தபோது ஆற்றின் முகத்துவாரத்தில் கிடைத்தான்.

என்னை இரண்டு வருடம் நீக்கினார்கள். மரக்கிடங்கில் வேலை செய்தேன், திரும்பி வந்தேன், கணித வாத்தியாரானேன். என் வகுப்பில் வருகைத் தாள் கிடையாது. ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்த்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். மூன்று முறை. பையன்கள் என்னைப் பைத்தியம் என்றார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. அடுப்புக் கல்லில் ஒரு துளி சுருண்டு காய்ந்தது. உர்ஹோ மேல் பலகையை நிமிர்ந்து பார்த்தார். “டாக்டர், நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?”

இல்மோவின் கையில் அகப்பை இருந்தது. அதிலிருந்த தண்ணீர் பலகையில் சிந்திக்கொண்டிருந்தது. அவன் கவனிக்கவில்லை.

“ஏழு வாரம்தான்” என்றான். “இருபத்தோரு வகுப்பு. நுழைவுத் தேர்வுல யொர்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து எழுதினோம். இடைவேளையில தன்னோட ரொட்டியில பாதி எனக்குக் குடுத்தான். ரெய்யோ அந்தப் பேருக்கு நேரா மொத நாள் கையெழுத்துப் போட்டப்பவே எனக்குத் தெரியும், இது அவன் இல்லைன்னு.”

முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அடுத்தவன் விஷயம்னு இருந்துட்டேன். நடந்துச்சு. இவன் சொல்றதெல்லாம் நடந்துச்சு.”