சீராக வந்த பல்செட்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தோட்டத்தில் இருந்தவர்கள்: காகிதக் கம்பெனி இயக்குநர் வியென்னோ, வீட்டுக்காரர். அவர் மனைவி. பல் டாக்டர் கிரான்மேசோன், இயக்குநரோடு சீட்டாடுகிறவர். கம்பெனியின் மேல்மாடி ஆட்கள், மனைவிமாரோடு. அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. என் அக்கா ரோலாந்த். அவள் புருஷன் ஃபெர்னான். பிறகு நான், ஒனேசிம். சோளம் கொண்டுபோனவன்.

என்னை யாரும் அழைக்கவில்லை. சோளத்தைத்தான் அழைத்திருந்தார்கள். மாண்ட்ரியலில் தன் தோட்டத்திலேயே கிராமத்து மாதிரி சோளம் உரிக்கும் விருந்து வைக்க வேண்டும் என்று வியென்னோவுக்கு ஆசை. தன் மனைவியின் ஊர்ச் சோளம்தான் சோளம் என்று ஃபெர்னான் சொல்லிவைத்திருக்கிறான். எங்கள் ஊர்க் காகித ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து, தூங்காமல், மூட்டைகளை வண்டியில் போட்டுக்கொண்டு ஆற்றோரமாகவே மேற்கே ஓட்டிப் போனேன். மரியாதைக்காக டை கட்டியிருந்தேன். அங்கே ஆண்களெல்லாம் கட்டம் போட்ட சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக நின்றார்கள். ஒருவர் கயிற்றை இடுப்பில் பெல்ட்டாகக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, வங்கிக்காரர் யாரோ வந்திருக்கிறார் என்றார்.

அக்கா வெள்ளைக் கவுனில், உதட்டை மூடிச் சிரித்துக்கொண்டு நின்றாள். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான், ஆனால் அந்தச் சிரிப்பை எனக்குப் படிக்கத் தெரியும்.

எங்கள் சென்-அமாந்த்தில் கல்யாணம் ஆகிற பெண்ணுக்குப் பல்லைப் பிடுங்கிவிட்டு செட்டு கட்டிக் கொடுப்பார்கள். முழுசாக, மேலும் கீழும். என்றைக்கிருந்தாலும் சொத்தையாகி விழப்போகிற பல்தானே, அந்தச் செலவைப் புருஷன் தலையில் கட்டுவது கௌரவமா என்பது கணக்கு. ஃபெர்னானின் அம்மா பெண் பார்க்க வந்தபோது கேட்ட முதல் கேள்வி, பல் வேலையெல்லாம் முடிந்துவிட்டதா என்பதுதான். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. காட்டுக் கொட்டையைக் கடித்து உடைத்து எனக்குப் பருப்பெடுத்துக் கொடுக்கும் பற்கள். அப்பா ஒரு குளிர்காலம் முழுக்கக் காட்டில் மரம் வெட்டி அந்தச் சீரைச் செய்தார். ரயிலில் வரும் டாக்டர் ஓட்டலின் பின்னறையில் நாற்காலி போட்டுப் பிடுங்கினான். வாயில் துண்டை அழுத்திக்கொண்டு வந்தவள், அப்பாவைப் பார்த்ததும் துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தாள். ரத்தமாக இருந்தது. அப்பா அவள் தலையைத் தடவினார். கல்யாணத்தன்று அவள் சினிமாக்காரி மாதிரி இருப்பதாக ஊரே சொன்னது. நானும்தான் சொன்னேன்.

ஃபெர்னான் அப்போது ஆலை முற்றத்தில் கட்டைகளை எண்ணிக் குறிக்கிறவன். கெட்டிக்காரன், அதை மறுக்க மாட்டேன். முற்றத்திலிருந்து அலுவலகம், அங்கிருந்து மாண்ட்ரியல் தலைமை அலுவலகம் என்று ஏறினான். அக்காவும் கூடவே ஏறினாள். ஏறிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, அங்கே பெண்களுக்கெல்லாம் சொந்தப் பல். கோணல், மஞ்சள், காப்பிக் கறை, ஆனால் சொந்தம். கச்சிதமான வரிசைப் பல் அவளுக்கு மட்டும்தான். எங்கள் ஊரில் எந்தப் பல் அவளை நல்ல வீட்டுப் பெண்ணாகக் காட்டியதோ, அதே பல் அங்கே அவள் எங்கிருந்து வந்தவள் என்று காட்டிக்கொடுக்கும். அன்றிலிருந்து குளியலறையைத் தாழிட்டுக்கொண்டுதான் செட்டைக் கழற்றிக் கழுவினாள். கன்னியர் பள்ளியில் தங்கிப் படிக்கிற மகளுக்கே தெரியாது. மகளின் பல்லுக்குக் கம்பி போட்டிருந்தார்கள். ஃபெர்னானின் சொத்தைகளை இதே கிரான்மேசோன் அடைத்து, முன்பல்லுக்கு உறையும் போட்டுக் கொடுத்திருந்தார்.

பல் இல்லாத ஈறு வருஷத்துக்கு வருஷம் கரையும். மூன்றாவது செட்டு கட்டியபோதே அதைக் கட்டிக் கொடுத்த ஆள் சொல்லிவிட்டானாம், இனி செட்டு உட்கார ஈற்றில் மேடே இல்லை, அடுத்தது எதைக் கட்டினாலும் நிற்காது என்று. பசையைத் தடவி ஒட்டிக்கொண்டாள். துளித்துளியாகத் தின்றாள், வாயை மூடிச் சிரித்தாள். கம்பெனி மனைவிமார் அதை நாசூக்கு என்று புகழ்ந்தார்களாம்.

சோளம் உரிக்க எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். யாரோ ஊர்ப்பக்கத்துக் கதை கேட்க, கிரான்மேசோன் ஆரம்பித்தார். ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களில் இன்னும் கல்யாணப் பெண்ணுக்கு நல்ல பல்லையெல்லாம் பிடுங்குகிறார்கள், குதிரை வாங்குகிறவன்கூட பல்லை விட்டுவைப்பான் என்றார். பெரிய சிரிப்பு. ஃபெர்னானும் சிரித்தான். உறை போட்ட பல் தெரியச் சிரித்தான். அக்கா கையிலிருந்த கதிரின் மட்டையை உரித்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கதிர் சிவப்பாக இருந்தது.

சிவப்புக் கதிர் யாருக்கு வருகிறதோ அவர்தான் விருந்துக்கு ராணி. இது எங்கள் வழக்கம்தான். இவர்கள் எங்கோ கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தார்கள். கைதட்டினார்கள். சோள நாரில் கிரீடம் பின்னி அவள் தலையில் வைத்தார்கள். வெந்த முதல் கதிரை, வெண்ணெய் வழிய, கையில் கொடுத்தார்கள். ராணி கடித்த பிறகுதான் மற்றவர்கள் தொடலாமாம்.

அக்கா மெதுவாக, ஒரு கத்தி கிடைக்குமா என்று கேட்டாள். எங்கள் ஊரில் எல்லோரும் கத்தியால் சீவித்தான் தின்போம். வேறு எப்படித் தின்ன முடியும்?

இயக்குநரின் மனைவி நல்ல பெண்மணி. மனதில் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னார்: “கத்தியா? கிராமத்துல கையில பிடிச்சுக் கடிச்சுதானே தின்னுவாங்க? நீங்கதாம்மா எங்களுக்குச் சொல்லித்தரணும்.”

அக்கா புருஷனைப் பார்த்தாள். கம்பெனியில் அடுத்த பெரிய நாற்காலி யாருக்கு என்று மறுநாள் முடிவாக இருந்தது. அது எனக்கே தெரியும், எல்லோருக்கும் தெரியும். வியென்னோ சிரித்த முகமாகக் காத்திருந்தார்.

“கடி, ரோலாந்த்” என்றான் ஃபெர்னான்.

கடித்தாள். கதிரை இறக்கியபோது மேல் செட்டு அதோடு வந்துவிட்டது. அவள் பிடிக்கப் போக, நழுவி, பெஞ்சுப் பலகையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. இயக்குநரின் மனைவி புல்லைப் பார்த்தார். கிரான்மேசோன் தொழில் பழக்கத்தில் குனிந்து இரண்டு துண்டையும் எடுத்து, பொருத்திப் பார்த்து, எந்த வயதில் எடுத்தது என்று கேட்டார். பத்தொன்பது என்று நான்தான் சொன்னேன். எத்தனை பல் சொத்தை என்று கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றி, முகத்தைப் பார்க்காமல், அக்காவின் மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து யாரோ ரேடியோவைத் திருப்பினார்கள்.

சமையலறைப் பக்கம் நிறுத்தியிருந்த என் வண்டியில் அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டாள், தலையில் நார்க் கிரீடத்தோடு. ஃபெர்னான் அவள் கைப்பையைக் கொண்டுவந்தான். அவளிடம் கொடுக்கவில்லை, ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினான்.

“கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும் மச்சான். புதுசு கட்டினதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“எதுமேல கட்டுவீங்க?” என்றேன்.

அவனுக்குப் புரிந்தது. வைக்கோல் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான். பிறகு மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினான். அவனை அடிக்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தூக்கம்தான் வந்தது.

வழி நெடுக அவள் கையால் வாயை மூடிக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்து ஊர்கள் வரத் தொடங்கியதும் கையை எடுத்தாள். கீழ் செட்டையும் கழற்றிப் பையில் போட்டாள். முகம் உள்ளே போயிற்று. முப்பத்தைந்து வயசுக்காரிக்கு எங்கள் அம்மாவின் கடைசி வருஷத்து முகம்.

“அவர் வருவாராடா?” என்று கேட்டாள். பல் இல்லாமல் வார்த்தை காற்றாக வந்தது.

தெரியாது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்.

அப்பா அடுப்பங்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பல் கிடையாது. செட்டை ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் மாட்டுவார், வீடு வந்ததும் கழற்றிவிடுவார். மகளைப் பார்த்துப் பூரித்துப்போனார். சோளத்தைக் கடித்தேன், உடைந்துவிட்டது என்று அவள் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“கத்தி இல்லாம எவளாவது சோளம் தின்னுவாளா? பட்டணம் போனதும் புத்தி கெட்டுப்போச்சா புள்ள? போகட்டும் விடு. எத்தனை வருஷம் உழைச்சிருக்கு. நான் செஞ்ச சீருலயே நல்ல சீர் அதான்.”

அவர் செய்த செட்டு போய், அதற்குப் பின் இரண்டு செட்டு ஆகிவிட்டது, அது அவருக்குத் தெரியாது.

மூட்டையில் மிஞ்சிய கதிர்களை அவித்தார். அவரே கத்தியால் ஒரு கதிரைச் சீவி, உப்பும் வெண்ணெயும் போட்டுக் கரண்டியோடு அவள் முன்னால் தட்டை வைத்தார். அவள் வேகமாகத் தின்றாள். அவள் அப்படித் தின்று நான் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. பாதியில் கரண்டியை வைத்துவிட்டாள்.

“அப்பா, அன்னிக்கு என் பல்லுல ஒண்ணாவது சொத்தை இருந்துச்சா?”

அப்பா கத்தியைத் துடைத்தார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னார். அவருக்கு அதில் இன்னமும் பெருமைதான்.

“ஒண்ணுகூட இல்ல. இவ்வளவு நல்ல பல்லைப் பிடுங்க மனசு வரலைன்னு அந்த டாக்டரே சொன்னான். நான்தான் பிடுங்குய்யான்னேன். உன்னைக் குறையோட அனுப்புவேனா?”

“இல்லப்பா” என்றாள். “குறை ஒண்ணும் வைக்கல.”

தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். தலையிலிருந்த நார்க் கிரீடத்தை எடுத்து அடுப்பில் போட்டாள். அப்பா அது என்ன என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்பு அவள் படுத்திருந்த சின்ன அறைக்குக் கைப்பையோடு போனாள். இன்னொரு கதிர் சீவட்டுமா என்று அப்பா கூப்பிட்டுக் கேட்கும்போதே கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.