காலையில் தூங்கியவள்

பல்கலைக்கழகச் சேர்க்கை நேர்காணல் நடந்த அறைக்கு வெளியே நீண்டு கிடந்த நடையை அம்மா துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் மகள் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். யாரும் சொல்லித் தூக்கவில்லை. ஈரத் தரையில் கால் படக்கூடாது என்பது அவள் உடம்பில் ஊறிப்போன விஷயம். மற்ற பிள்ளைகளுக்குப் பெற்றோர் பக்கத்தில் இருந்து தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவள் அம்மா வாளியைத் தள்ளிக்கொண்டு வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

"தண்ணி குடிச்சியா?"

"ம்."

அடுத்த முறை மாப்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். "மார்க் ஏன் கொறஞ்சுதுன்னு கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லிடு. என் வேலை போனா போவுது. வேற பாத்துக்கலாம்."

"நீ மொதல்ல குனியாம தொடைம்மா."

மகள் பதினோராம் வகுப்பு படித்த வருடம் அம்மாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை. துப்புரவுக் குத்தகைக்காரரிடம் லீவு என்ற பேச்சே கிடையாது. வராதவள் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள். ஆகவே அம்மா தேறும்வரை அவளுடைய நீலக் கோட்டையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு மகள் வந்தாள். விடியுமுன் வந்து இந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்தைத் துடைத்தாள். பிறகு பள்ளிக்குப் போய்க் கடைசி பெஞ்சில் தூங்கினாள். சூப்பர்வைசருக்குத் துப்புரவுப் பெண்கள் வைத்திருந்த பெயர் கண்கொத்தி. பெயர்தான் அப்படி, மனுஷன் எண்ணியது கோட்டுகளை, முகங்களை அல்ல. ஆள் மாறியது தெரிந்தால் மட்டும் அம்மாவின் சீட்டு கிழிந்துவிடும்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அந்த மேஜையின் அடியில் ஒட்டியிருந்த சூயிங்கத்தை எல்லாம் அந்த வருடம் தான் சுரண்டியது மகளுக்கு ஞாபகம் வந்தது. நடுவிலிருந்த பேராசிரியர் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பத்தாவதுல பிரமாதமா வாங்கியிருக்க. பன்னெண்டாவதும் மோசமில்ல. நடுவுல பதினொண்ணுல என்னம்மா ஆச்சு? மொத்தமா கூட்டிப் பாத்தா அதுதானே உன்னக் கீழ இழுக்குது."

அவள் மேஜைமேல் கிடந்த அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"வீட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லயா? பயப்படாம சொல்லு. ஆஸ்பத்திரிச் சீட்டு ஒண்ணு குடுத்தா போதும், அந்த வருஷத்த விட்டுட்டுப் பாக்க விதி இருக்கு."

நல்ல மனிதர். உதவத்தான் கேட்டார்.

சீட்டு வீட்டில் பத்திரமாக இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த தேதிகள் அதில் இருந்தன. அதே தேதிகளில் அம்மா இங்கே வேலை செய்ததாகக் கண்கொத்தி கணக்குக் காட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் போதும். தம்பி இன்னும் எட்டாவதில்தான் இருந்தான். ஸ்க்ரூ வைத்த முதுகை நம்பி வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

"யாருக்கும் ஒண்ணுமில்ல சார். நாந்தான் சரியாப் படிக்கல."

"ஏன்?"

"சோம்பேறித்தனம் சார். காலைல தூங்கிட்டேன்."

மூவரும் சிரித்துவிட்டார்கள். "பரவால்லயே, சாக்குப்போக்கு சொல்லாம உண்மையச் சொல்றியே" என்றார் பேராசிரியர். "ஆனா இந்த மார்க்குக்கு இங்க கஷ்டம்மா. வேற எடம் பாரு."

வெளியே வந்ததும் அம்மா வாளியை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். உண்மையச் சொன்னேன்னு பாராட்டுனாங்க."

"எடம் கெடைக்குமா?"

"அப்புறமா சொல்லுவாங்களாம்."

"கண்கொத்திகிட்ட கேப்பாங்களா?"

"மாட்டாங்கம்மா."

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

தேநீர் வேளை வந்தது. நேர்காணல் செய்த மூவரும் பேசிக்கொண்டே ஈரத் தரையின் நடுவில் நடந்து போனார்கள். நடை முழுக்க ஷூ தடம். அம்மா மாப்பை எடுக்கக் குனிந்தவள் பாதியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"குடும்மா" என்று மகள் அதை வாங்கிக்கொண்டாள்.

பாதி நடையைத் துடைத்திருப்பாள். மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்கப் பேராசிரியர் திரும்பி வந்தார். அவள் மாப்பை நிறுத்திவிட்டுச் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள்.

"நல்லா தொடைம்மா, வழுக்குது" என்று அவளிடம் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.