பத்தாம் கோயிலைத் தாண்டி

என் வீட்டுக்காரர் பத்மதாஸ் பொய் சொன்னால் காது சிவந்துபோகும். அன்று நான் காதைப் பார்க்கவில்லை. புதுக்கடையில் தங்கை வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருகிறேன் என்றார், சரி என்று சோற்றைப் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் சிவராத்திரி. காலையில் நாத்தனாரே போன் பண்ணினாள்.

“மதினி, அண்ணனுக்கு இப்பம் எப்பிடி இருக்கு?”

“அங்கதானே இருக்காரு?”

“இங்கயா? இல்லியே.”

ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன். காவி வேட்டியைக் காணோம். பனையோலை விசிறியைக் காணோம். மாத்திரை டப்பா மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

சிவாலய ஓட்டத்துக்குப் போய்விட்டார். முஞ்சிறையில் சாயங்காலம் தொடங்கி நட்டாலத்தில் மறுநாள் ராத்திரி முடிகிற ஓட்டம், பன்னிரண்டு சிவன் கோயில். ஒவ்வொரு கோயிலிலும் குளத்தில் முங்கி, ஈரத்தோடு கும்பிட்டு, கையில் விசிறியோடு ‘கோவிந்தா, கோபாலா’ என்று கத்திக்கொண்டே அடுத்ததுக்கு ஓட வேண்டும். பதினோரு வருடம் ஓடியாயிற்று. பன்னிரண்டாவது வருடத்தோடு, சாமியிடம் வேண்டிக்கொண்ட நேர்ச்சை முடிகிறது. ஆனால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து நாலே மாதம். நடக்கலாம், ஓடவே கூடாது என்று டாக்டர் சொன்னதற்குப் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிய மனிதர்தான் இவர்.

மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். குலசேகரம் முக்கில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே சிரித்தார்.

“விடியக்காலம் இந்த வழியாத்தான் போனாரு. ஒங்க வீட்டுப் பக்கம் வந்ததும் விசிறிய வச்சு மூஞ்ச மறச்சிட்டாரு பாருங்க, அத நீங்க பாக்கணும்.”

சொந்த வீட்டு வாசலிலேயே திருடன் மாதிரிப் போயிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்கூட்டர் இருக்கிறவளுக்கு ஓடுகிறவரைப் பிடிப்பது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். ஓடுகிறவர்கள் ரோட்டில் வந்தால்தானே? ரப்பர் தோட்டத்துக்குள்ளும் தண்ணீர் ஓடுகிற சானல் கரையிலும் குறுக்கே விழுந்து போவார்கள். கோயிலில் வைத்துத்தான் பிடிக்க முடியும். அங்கேதான் எனக்கு வினை. பஸ்ஸில் போகும்போதே வழியில் தெரிகிற எல்லா சாமிக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள் நான். மைல்கல்லுக்கு மஞ்சள் பூசி வைத்தாலும் இறங்கிக் கும்பிடுவாய் என்று அவர் கேலி பண்ணுவார். சிவராத்திரி அன்று சிவன் கோயில் வாசலில் போய் நின்றுகொண்டு உள்ளே போகாமல் எப்படி வருவது?

பொன்மனையில் வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், அரை மணிக்கூறுக்கு முன்னே போனார் என்றார்கள். பன்னிப்பாகத்தில் கால் மணி. கல்குளத்தில் நான் திருநீறு பூசிக்கொண்டிருந்தபோதே மேற்கு வாசல் வழியாகப் போய்விட்டாராம். அங்கே சுக்குத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவன் அவரோடு வருடா வருடம் ஓடுகிற கொச்சப்பி, இந்த வருடம் கால் சுளுக்கிக்கொண்டு வாளியோடு உட்கார்ந்துவிட்டான்.

“வழி விடுங்கடே, புருஷாமிருகம் ஸ்கூட்டர்ல வருது,” என்றான். கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

புருஷாமிருகம் பாதி மனிதன், பாதி மிருகம், முழுச் சிவபக்தன். கோவிந்தன் பெயரைக் கேட்டாலே அதற்கு ஆகாது. அதனிடம் பால் வாங்க வந்த பீமன் ‘கோவிந்தா’ என்றதும் துரத்தியது. பீமன் கையில் இருந்த உருத்திராட்சத்தில் ஒன்றைக் கீழே வைத்தான். அது லிங்கமாயிற்று. லிங்கத்தைக் கண்டபின் கும்பிடாமல் போக மிருகத்தால் முடியவில்லை. அது கும்பிட்டு எழுவதற்குள் பீமன் ஓடிவிட்டான். இப்படிப் பன்னிரண்டு உருத்திராட்சம், பன்னிரண்டு கோயில்.

கொச்சப்பி சொன்னதில் தப்பில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சின்ன வயதில் கதை கேட்டபோதெல்லாம் நான் பீமன் கட்சி. அன்றைக்குத்தான் அந்த மிருகத்தின் கஷ்டம் புரிந்தது.

மேலாங்கோட்டிலும் விட்டேன். வில்லுக்குறியில், திருவிடைக்கோடு கோயில் வாசலில் மோர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அடையாளம் சொன்னதும் தெரிந்துகொண்டாள்.

“இந்தப் படியிலதான் இருந்தாரு பிள்ளே. எடது தோளத் தடவிட்டே இருந்தாரு. மோரு வேண்டாம்னாரு. பெறவு எழும்பி ஓடுனாரு.”

இடது தோள். அதற்குமேல் எனக்குக் கோபம் இல்லை, பயம்தான்.

பத்தாவது, திருவிதாங்கோடு. செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். வரிசை தெரு வரைக்கும் நின்றது. வாசலில் பூ விற்கிறவளிடம் கேட்டேன்.

“காவி வேட்டி, கொஞ்சம் தடிச்ச ஆளு, மெல்ல மெல்லத்தானே ஓடுகாரு? இந்தா இப்பத்தான் போறாரு.”

உள்ளே மணி அடித்தது. என் கை கன்னத்துக்குப் போயிற்று. இறக்கினேன். நீ நாளைக்கும் இங்கே இருப்பாய் சாமி, அவர் இருப்பாரோ என்னவோ என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் திரும்ப மாட்டினேன். பிறந்து ஐம்பத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு காரியம் செய்ததில்லை.

பள்ளியாடி ரோட்டில் பிடித்துவிட்டேன். ஓடவில்லை, காலை இழுத்துக்கொண்டு போனார். வண்டியைக் குறுக்கே நிறுத்தினேன்.

“நெஞ்சு வலிக்கா?”

“இல்ல.”

“தோளு?”

“பை வாரு அறுத்துது. நீ போடி, இன்னும் ரெண்டுதான்.”

“வண்டில ஏறுங்க.”

“பன்னெண்டு வருசத்து நேர்ச்ச. வழிய விடு.” விசிறியால் என்னை ஒதுக்கிவிட்டு நாலு எட்டு வைத்தார். பிறகு நின்று திரும்பினார். “நீ எப்பிடி இம்புட்டு சீக்கிரம் வந்த? திருவிதாங்கோட்டுல பயங்கர கூட்டமாச்சே.”

“நான் உள்ள போவல.”

“என்னது?”

“செருப்பக் கழட்டுனேன். திருப்பி மாட்டிட்டு வந்துட்டேன்.”

“சிவராத்திரி அன்னிக்கா?”

“ஆமா.”

“நீயா?”

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரோட்டோரம் இருந்த சின்னப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

“ராத்திரி படுத்தா நெஞ்சு அடிக்கது மட்டுந்தான் கேக்கு எனக்கு,” என்றார். “எப்பம் நிக்குமோன்னு பயந்துட்டே கெடக்கேன். பன்னெண்டும் முடிச்சிட்டா அந்தச் சத்தம் கேக்காதுன்னு நெனச்சேன்.”

நாலு மாதமாக அதே கட்டிலில், அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துப் பார்த்து நானும் தூங்கவில்லை. அதைச் சொன்னேன். அவர் உள்ளங்கையை நீட்டினார். மாத்திரையை வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். ஒரு கூட்டம் எங்களைத் தாண்டி ஓடிற்று. “தாஸண்ணே, எழும்புங்க, இன்னும் ரெண்டுதான்,” என்று ஒருவன் கூப்பிட்டான். போங்கடே என்று விசிறியை ஆட்டினார்.

மெல்ல எழுந்து பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

“மொதல்ல தக்கலை ஆஸ்பத்திரியில ஒண்ணு காட்டிருவோம்,” என்றேன்.

“காட்டலாம். போற வழிதானே, திருவிதாங்கோட்டுல நிறுத்து.”

“அங்கதான் நீங்க கும்பிட்டாச்சே? வரிசையப் பாத்தா ரெண்டு மணிக்கூறு ஆவும்.”

“ஆவட்டு. நீ நிதானமா கும்பிட்டுட்டு வா. நான் வண்டிக்கிட்டயே இருக்கேன்,” என்றார். “எங்கயும் போவ மாட்டேன்.”