மூன்றில் எது எளிது

வேணி வேலை பார்த்த நிறுவனம் தில்லை நகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதித் தருவது அவர்கள் தொழில். எழுதிய நிரலெல்லாம் மூலை அறைக் கம்ப்யூட்டர் ஒன்றில், சப்வெர்ஷன் என்ற மென்பொருளில் சேர்ந்துகொண்டிருந்தது. யார் எதை மாற்றினார்கள், நேற்று அது எப்படி இருந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். சித்திரை வெயிலில் ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அன்று முழுக்க ஒருவராலும் ஒரு வரியைக்கூடச் சேர்க்க முடியவில்லை.

மறுநாள் முதலாளி முருகானந்தம் வேணியை அழைத்தார்.

"இந்த சப்வெர்ஷனையே மாத்திடலாம் வேணி. கிட் இருக்கு, மெர்க்கூரியல்னு ஒண்ணு இருக்குங்கறாங்க. எல்லாத்தையும் வச்சுப் பாருங்க. நம்ம ஆளுங்களுக்கு எது சுலபமா வருதோ அதைச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

வேணிக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஏற்கெனவே இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

சோதித்துப் பார்க்க இரண்டு பேரை எடுத்துக்கொண்டாள். இளவேனில் போன வருடம் கல்லூரியிலிருந்து வந்தவள். கிட் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. லூர்து நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர், ஐம்பதைக் கடந்தவர். அவர் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. டயாலிசிஸ் நாட்களில் புத்தூர் மருத்துவமனை வராந்தாவில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை செய்வார். அங்கிருந்து சப்வெர்ஷனுக்குத் தொடர்பு கிடைக்காது. செய்ததையெல்லாம் அலுவலகம் வந்த பிறகுதான் சேர்ப்பார்.

இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்துவிட்டு வேணி பின்னால் உட்கார்ந்து பார்த்தாள். யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை. கை எங்கே தயங்கி நிற்கிறது என்று பார்த்தாள்.

கிட்டில் லூர்துவின் கை அடிக்கடி நின்றது.

"மேடம், முதல்ல 'ஆட்'ங்குது, அப்புறம் 'கமிட்', அப்புறம் 'புஷ்'. ஒரு மாத்தத்தை எத்தனை தடவைதான் சேமிக்கிறது?"

"ஆட் பண்றது சேமிக்கிறது இல்ல சார்" என்றாள் இளவேனில். "அது ஒரு மேடை மாதிரி. எதெல்லாம் உள்ள போகணுமோ அதை முதல்ல மேடையில ஏத்தணும்."

"எதுக்கும்மா மேடை? நான் என்ன நாடகமா போடறேன்?"

சிறிது நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். "மேடம், 'டிடாச்டு ஹெட்'னு, தலை தனியா கழண்டு நிக்குதுன்னு எழுதியிருக்கு. யார் தலை?"

வேணி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

மெர்க்கூரியல் வேறு மாதிரி இருந்தது. பெரும்பாலும் பழகிய சொற்கள்தான். அலுவலகக் கம்ப்யூட்டரை எதிர்பார்க்காமல் லேப்டாப்பிலேயே சேமித்துக்கொள்ளவும் முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் லூர்து யாரையும் கேட்காமல் முடித்துவிட்டார். "இது நம்மளை மிரட்டல மேடம்" என்றார்.

"நல்லாத்தான் இருக்குக்கா" என்றாள் இளவேனில். "ஆனா வெளியில யாரு இதை வச்சிருக்கா? நாளைக்கு வேற கம்பெனியில போய் இது தெரியும்னு சொன்னா சிரிப்பாங்க."

வெளியில் எல்லோரும் வைத்திருப்பது என்பதால், அதற்கடுத்த வாரங்களில் கிட்டை உண்மையான வேலையிலேயே போட்டுப் பார்த்தார்கள். தைராய்டு அறிக்கைக்கான நிரலை லூர்து தர வேண்டியிருந்தது. கேட்டபோது, திங்கட்கிழமை தருவதாகச் சொன்னார். அவர் நாள் கடத்துகிறவர் இல்லை. சனிக்கிழமை காலையில், அவர் மனைவியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வேணி ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து புத்தூருக்குப் போனாள்.

லூர்து வராந்தா நாற்காலியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். திரையைப் பார்த்ததும் வேணிக்குக் குழப்பமாக இருந்தது.

"இது போன வாரமே முடிஞ்சதுதானே சார்? நான் பாத்தேனே."

அவர் லேப்டாப்பைப் பாதி மூடினார். "போயிடுச்சு மேடம். ஒரு மாத்தத்தை விட்டுட்டுப் பழைய நிலைக்குப் போகணும்னு நெட்ல பாத்து ஒரு கமாண்ட் அடிச்சேன். ஒரு வாரத்து வேலை மொத்தமா காணோம். நிச்சயமான்னுகூடக் கேக்கல அது. சரி, திரும்ப எழுதிடலாம்னு…"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? வயசாயிடுச்சு, இந்த ஆளு தேறமாட்டான்னு ஆயிடும். இவளை இங்க வச்சுக்கிட்டு நான் எங்க போய் வேலை தேடுவேன்?"

வேணி இளவேனிலுக்கு போன் செய்தாள். அவள் சொல்லச் சொல்ல லூர்து தட்டினார். தொலைந்த நிரல் முழுவதும் திரையில் வந்து நின்றது.

"எதுவும் போகல சார்" என்றாள் இளவேனில் போனில். "நீங்க கமிட் பண்ணியிருந்தீங்கல்ல, உள்ளயேதான் இருந்துச்சு."

லூர்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசியை அவர் திரும்ப எழுதி முடித்திருந்தார்.

"உள்ளயே இருந்தா, இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அது?"

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட, அவர் எழுந்து போனார்.

வேணி மெர்க்கூரியலைப் பரிந்துரைத்து அறிக்கை எழுதினாள். லூர்துவின் பெயரைச் சொல்லாமல், நடந்ததை மட்டும் எழுதினாள். முருகானந்தம் பொறுமையாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா கிட்தான் வேணி. சென்னையில ஒரு பெரிய லேப் நம்ம நிரலைப் பாக்கணும்கறாங்க. அவங்ககிட்ட அதுதான் இருக்கு. புதுசா வர்ற பசங்களுக்கும் அதுதான் தெரியுது. போன மாசமே பேசியாச்சு."

"போன மாசமேவா சார்?"

"அப்ப உறுதியாகலைங்க."

கோபம் வரவேண்டிய இடம். அவளுக்கு வரவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் அலுப்பாக இருந்தது.

"சரிங்க சார். ஆனா அதை அப்படியே குடுத்தா இன்னொரு தடவை யாராவது தொலைப்பாங்க. அதுக்கு மேல சுலபமா ரெண்டு மூணு கமாண்ட் நான் எழுதித் தரேன். ஒரு வாரம் வேற வேலை குடுக்காதீங்க."

"ஒரு வாரமா?"

"இங்க ஒருத்தர் ஒரு வாரத்து வேலையைத் தொலைச்சுட்டு வெளியில சொல்ல பயந்துக்கிட்டு இருந்தார் சார்."

முருகானந்தம் அறிக்கையை மூடிவைத்தார். யார் என்று கேட்கவில்லை. சரி என்றார்.

வேறு வேலை வரத்தான் செய்தது. கிடைத்த நேரத்தில் வேணி எழுதி முடித்தாள். சேமி, அனுப்பு, பின்னாடி போ என்று மூன்றே கட்டளைகள். பின்னால் போகும்முன் இருப்பதை ஓரமாக எடுத்துவைத்துவிட்டு, "உங்க வேலை பத்திரமா இருக்கு" என்று திரையில் சொல்லும்.

"இதைப் பழகிட்டா லூர்து சார் நிஜ கிட்டைக் கத்துக்கவே மாட்டாருக்கா" என்றாள் இளவேனில். அது உண்மையாயிற்று. லூர்து கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அதன்பிறகு ஒரு வரியையும் அவர் தொலைக்கவில்லை. அந்த மூன்றுக்கும் அடங்காத எது வந்தாலும் வேணிக்குத்தான் போன் வரும்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம், சத்திரம் பஸ் நிலையத்தில் வேணி ஏறிய ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. அவள் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். போன் அடித்தது.

"மேடம், நானும் இளவேனிலும் ஒரே வரியை மாத்திட்டோம் போல. அம்புக்குறியா என்னமோ போட்டிருக்கு."

"மேல இருக்கறது உங்களது சார், கீழ இருக்கறது அவளோடது. வேண்டியதை வச்சுக்கிட்டு, அம்புக்குறி எல்லாத்தையும் அழிச்சிடுங்க. அப்புறம் 'சேமி' குடுங்க."

"அழிச்சா போயிடாதே?"

"போகாது சார்."

பஸ் நகர்ந்தது. மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. வேணி போனைக் காதில் வைத்தபடியே காத்திருந்தாள்.

"ஆயிடுச்சு மேடம்."

"வீட்டுல எப்படி இருக்காங்க?"

"இன்னிக்குப் பரவாயில்லை. தூங்குறா."

நிமிர்ந்து பார்த்தபோது அவள் இறங்க வேண்டிய அம்மா மண்டபம் நிறுத்தம் போயிருந்தது. அடுத்து ராஜகோபுரத்தில் இறங்கி, கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.