நாற்பத்தொன்று வரை

பெட்டியை மூடுவதற்கு முன் அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: இறந்தவனின் அக்கா, அவனுடைய மனைவி, சபையின் போதகர், பெட்டி செய்த தச்சர், கதவோரம் ஒதுங்கி நின்ற பம்ப்காரர். அவனையும் சேர்த்தால் ஆறு. அக்கா அவனுடைய சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். உயிரோடிருந்த அறுபத்தொரு வருஷத்தில் அவன் அந்தப் பொத்தானைப் போட்டதே இல்லை.

"கழுத்த இறுக்குது அண்ணி. விட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

"இனிமே அவனுக்கு என்ன இறுக்கம். சபைக்கு முன்னால போறான். ஒழுங்கா போகட்டும்."

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் குடும்பத்துக்கு ஒரு குறையும் இல்லை. நின்ற இடம்தான் குறை.

ஊரின் கழிவுநீரெல்லாம் வந்து தெளிகிற குளங்கள் மூன்று, ஊருக்கு வெளியே இருந்தன. தம்பி அங்கே முப்பது வருஷம் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதே கரைக்குப் போனான், பறவை பார்க்க. ஆராதனை நேரத்திலும் போனான். ஆலயத்தில் இரண்டாவது பெஞ்சு மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தினுடையது. அதில் அவனுடைய இடம் காலியாகக் கிடப்பதை யாராவது பார்த்தால், "டியூட்டி," என்பாள் அக்கா. ஓய்வு பெற்றவனுக்கு என்ன டியூட்டி என்று யாரும் கேட்கவில்லை. அவள் தலைமையாசிரியையாக இருந்தவள். ஊரில் பாதிப்பேர் அவளிடம் முட்டி போட்டவர்கள்.

மூன்றாவது குளத்தின் கரையில் விழுந்து கிடந்தவனை, அங்கே மோட்டார் ஓட்டுகிற பம்ப்காரர்தான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அதற்குள் ஆராதனை முடிந்து வந்திருந்த அக்கா அவரை வாசலிலேயே நிறுத்தினாள். "வீட்ல இறந்தான். வேதாகமம் வாசிச்சிட்டே. புரியுதா?" அவர் தலையை ஆட்டினார். சாயங்காலத்துக்குள் ஊரே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இன்று காலை ஏழு மணிக்கு வந்த பம்ப்காரர் இன்னும் போகவில்லை. காபி வேண்டாமென்றார், நாற்காலி வேண்டாமென்றார். அவருடைய சட்டைப்பை புடைத்திருந்தது. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். கனம் அவர் பையில் இருந்தது. பயம் அக்காவிடம்.

தச்சர் மூடியைச் சுவரில் சாய்த்தார். "குருவிக்குக் கூடு செஞ்சு குடுன்னு வருவாரும்மா. வாடகை யாரு குடுப்பான்னு கேட்டேன். குருவி பாட்டாவே குடுத்துரும்னாரு."

யாரும் சிரிக்கவில்லை. மனைவி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போதகர் பேனாவை எடுத்தார். "அம்மா, பிரசங்கத்துல சொல்லணும். வேதாகமம் எந்தப் பக்கம் திறந்திருந்துச்சு?"

"சங்கீதம்."

"எத்தனாவது?"

கேள்விக்குப் பதில் இல்லாமல் அவள் ஒரு நாளும் நின்றதில்லை. "நூத்தி நாலு."

பறவைகளைப் பாடுகிற சங்கீதம் அது. அவர் எழுதிக்கொண்டார். நாத்தனாரை ஒருமுறை பார்த்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது முற்றத்து வெயிலை அகலமான நிழல் ஒன்று கடந்தது. பம்ப்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"அதேதான்," என்றார்.

அக்கா அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம்மா. நீங்க சொன்னத நான் எங்கயும் மாத்திச் சொல்லல."

"பின்ன ஏன் நிக்கிறீங்க?"

"இப்பப் போன அந்தப் பருந்து குளத்து மேல மூணு நாளா சுத்துது. இருந்தாலும் பறவைங்க இருந்துச்சு. நேத்து ஐயா விழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்துல எழும்பிருச்சு. இன்னிக்கு விடியக்காலைல போனேன். ஒண்ணுகூட இறங்கல. இருபது வருஷத்துல அப்படி வெறும் தண்ணிய நான் பார்த்ததில்ல. நிக்க முடியல, வந்துட்டேன்." பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இது அவரு கையில இருந்துச்சு. யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியல. ஒருவாட்டி கூழைக்கடா பார்த்தேன், எழுதிக்கங்கன்னு சொன்னேன். நான் பாக்கலயேப்பான்னுட்டாரு. பாக்காதத எழுதினா படைச்சவர் வேலைல கை வைக்கிற மாதிரியாம்."

அவர் போன பிறகு அவள் நோட்டைத் திறந்தாள். தேதி, பறவை, எண்ணிக்கை, அதன் கீழே ஓரிரு வரி.

*நெடுங்கால் உள்ளான் 12. நாம் கழுவி விட்ட தண்ணீரில் சிவப்புக் காலோடு நிற்கிற வெள்ளை. அழுக்கு என்று ஒன்றை நீர் படைக்கவே இல்லையா, ஆண்டவரே.*

*முக்குளிப்பான் 3. மூழ்கியது எங்கே எழும் என்று ஒவ்வொரு முறையும் தவறாகவே சொல்கிறேன். விசுவாசம் என்பது இதுதான் போலும்.*

கடைசிப் பக்கத்தில் நேற்றைய தேதி.

*8.55. அக்கா இரண்டாவது பெஞ்சில் முதல் பாட்டைத் தொடங்கியிருப்பாள், வழக்கம்போல அரை சுருதி மேலே. இங்கே சிறு உள்ளான்கள் இறங்குகின்றன. இரண்டையும் கேட்கிறவர் ஒருவர்தானே.*

அதன் கீழே கோடுகள், ஐந்தைந்தாக எட்டுக் கட்டு. அடுத்து ஒற்றைக் கோடு ஒன்று. அது மற்றவற்றைப்போல நிற்காமல் தாளின் ஓரம்வரை இறங்கிப் போயிருந்தது.

வெளியே தச்சர் பெட்டி மூடிக்குத் திருகாணி முறுக்கும் சத்தம் கேட்டது. நாலாவது ஆணியும் முறுக்கி முடியும்வரை அவள் சமையலறையை விட்டு வரவில்லை.

பிற்பகலில் காற்று எழும்பியது. ஆலயத்தின் ஜன்னல் கதவுகள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டன. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. அவளுடைய தாத்தா கல் சுமந்து கட்டிய சுவர்களுக்குள் சபை முழுவதும் நிறைந்திருந்தது. பம்ப்காரர் கடைசி வரிசையில் உட்காராமல் நின்றார். முன்னால் பெட்டி.

"எப்படிப்பட்ட மரணம் பாருங்கள்," என்றார் போதகர். "தன் வீட்டில், ஓய்வுநாளில், நூற்றி நான்காம் சங்கீதத்தை நெஞ்சோடு அணைத்தபடி..."

பின்வரிசைகளில் விசும்பல் கேட்டது. இரண்டாவது பெஞ்சிலிருந்து அக்கா எழுந்தாள். முதுகு எப்போதும்போல நிமிர்ந்திருந்தது. போதகர் பேச்சை நிறுத்தினார்.

"சொல்லுங்கம்மா."

"அவன் வீட்ல சாகல. கையில வேதாகமமும் இல்ல. அத நான்தான் சொன்னேன். ஆராதனை நேரத்துல, சாக்கடைக் குளத்துக் கரையில செத்தான். உள்ளான் எண்ணிட்டிருந்தான். நாப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினான்."